கண்ணுக்குத் தெரியுதா, இல்லையா: கொக்குக்கு ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள கொக்கு,

நாங்க எல்லாரும் சுகம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமெண்டு நினைக்கிறன். வொய்ஸ் அனுப்பினா நீ பாதியில நித்திரை கொள்ளுவாய் எண்டு தெரிஞ்சுதான் குந்தியிருந்து எழுதுறன். வருசப்பிறப்புக்கு நான் அவ்வளவு எழுதினதுக்குக் கைகூப்பின படம் ஒண்டு அனுப்பினாய். பள்ளிக்கூடத்திலயே நீ ஒரு பக்கத்துக்கு மேல எழுதினதில்லைதானே. சரி விடு.

விசயம் என்னண்டா, மூத்தவனுக்குக் கலியாணம் சரிவந்திட்டு. பெண் வீட்டார் தம்பிலுவில் ஆக்கள். பிள்ளை படிச்சது, வேலை பாக்கிறது எல்லாம் உங்கட ரொறன்ரோவிலதான். தாய்வழிக் குடி என்னண்டு கேட்டாச்சு, வேற வேற குடி, அதால பெரியாக்கள் வாயைத் திறக்கல்ல. நாள் இன்னும் வைக்கல்ல. வைச்ச உடன உனக்குத்தான் முதல் சொல்லுவன், டிக்கெற் விலை கூடுதெண்டு நீ சாட்டுச் சொல்லாம இருக்க.

இப்ப உன்னட்ட ஒரு வேலை இருக்கு. மாட்டன் எண்டு சொல்லாத.

இவன் எட்மன்டனில இருந்துகொண்டு அவளுக்கு வைர மோதிரம் வாங்கப் போறானாம். கல் இருக்கிற கடை ரொறன்ரோவில. அவளுக்குத் தெரியக்கூடாதாம், அதால அவளை அனுப்பிப் பாக்கவும் ஏலாது. வீடியோவைப் பார்த்துக் காசு கட்டுறதுக்கு ரெடியா நிக்கிறான். "அப்பா, சேர்டிபிகேட் இருக்கு, வீடியோ இருக்கு, இன்னும் என்ன வேணும்?" எண்டு கேக்கிறான். கண் வேணுமடா எண்டு சொன்னன். அந்தக் கண் நீதான். சிரிக்காத, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டுதான் போகப்போறாய்.

அவன் அந்த வீடியோவை எனக்கும் அனுப்பினான். மனிசி எட்டிப் பாத்திட்டு, "ஐயோ, இதுக்குள்ள என்ன புழுவா கிடக்கு?" எண்டு கத்தினா. கல்லு மெல்லச் சுத்துது, உள்ளுக்குக் கறுப்பா ஒண்டு, ஓரத்தில வெள்ளையா இன்னொண்டு. அண்டையிலிருந்து வீட்டில சோறு கறியை விட்டிட்டு வைரம்தான். தோசம் எண்டுறா, கலியாணத்துக்கு ஆகாதெண்டுறா, யாரோ மாமியிட மகளுக்கு வைரம் ஒத்துவராமப் போன கதையைத் தினமும் சொல்றா. நான் அடிமட்டத்தை எடுத்து லப்டொப் திரையில அளந்தன். கல்லிட நீளம் 6 மில்லிமீற்றர் சொச்சம். திரையில ஒரு சாண் வருது. அப்ப 30 மடங்குக்கு மேல பெருப்பிச்சிருக்கு. 30 மடங்கில என்ட முகத்தைக் காட்டினா இவ என்னைக் கட்டியிருப்பாவா?

மறுகா சேர்டிபிகேட்டை எடுத்து வாசிச்சன். உனக்குத் தெரியும், கையில ஒரு கடதாசி கிடைச்சா நான் விடமாட்டன். ஜிஐஏ எண்டுற அமெரிக்க நிறுவனம் குடுத்தது. 1931இல தொடங்கினதாம், இந்தத் தரம் பிரிக்கிற முறை வந்தது 1953இல. இங்க ஹர்த்தால் நடந்த அதே வருசம். கல்லில குறை எவ்வளவு எண்டதுக்கு மொத்தம் 11 படி. மேல குறையே இல்லாத கல், கீழ ஐ3. நடுவில விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ எண்டு போகுது. எல்லாம் 10 மடங்கு பெருப்பத்தில பழகின ஆள் பாத்துப் போடுற படி. விஎஸ் எண்டா 10 மடங்கில கஷ்டப்பட்டுத் தேடினாத் தெரியும், எஸ்ஐ எண்டா 10 மடங்கில பளிச்செண்டு தெரியும். அவ்வளவுதான். வெறுங்கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா எண்டு அந்தக் கடதாசியில ஒரு இடத்திலயும் இல்லை. நாம தாவரவியலில பூ வெட்டிப் பாத்த கைலென்ஸும் 10 மடங்குதானே. அதால பாத்தா எந்தப் பூவிலயும் பூச்சி இருக்கும். தவளை மாஸ்டர் அதுக்கே நமக்கு அடிச்சவர்.

மகன் பிடிச்சு வைச்சிருக்கிறது ரெண்டு கல். ஒண்டு 0.90 கரட், எஸ்ஐ1. மற்றது 0.80, விஎஸ்2, விலை கொஞ்சம் கூட. வட்டக் கல்லெண்டா நான் உன்னை அலைய விட்டிருக்கமாட்டன், அந்தளவு கல்லில எஸ்ஐ1 அனேகமாகக் கண்ணில படாது. பிரச்சினை என்னண்டா, பிள்ளைக்குப் பிடிச்சது நீள்சதுரமா, படிபடியா வெட்டின கல்லாம். எமரால்ட் கட் எண்டுறாங்க. வட்டக் கல்லில பட்டைகள் சின்னச் சின்னதா ஒளியை உடைச்சுச் சிதறும். அந்தத் தகதகப்புக்குள்ள சின்னப் புள்ளி ஒளிச்சுப்போகும். எமரால்ட் கட்டில பட்டை அகலம், மேல்முகம் திறந்து கிடக்கும். காத்தடிக்கிற நேரம் வாவியில அடி தெரியுமா? வெள்ளாப்பில தண்ணி அசையாம நிக்கக்குள்ள நண்டு ஓடுறது கூடத் தெரியும். அதுதான் வித்தியாசம். ஒரே எஸ்ஐ1, ஒரு வெட்டில தெரியாது, இன்னொரு வெட்டில தெரியும். கல் பெருக்கப் பெருக்கவும் அப்படித்தான்.

எஸ்ஐ1 கல்லுக்குச் சேர்டிபிகேட்டில ஒரு படம் கீறியிருக்கு. சிவப்பு மையில இருந்தா உள்குறை, பச்சை எண்டா வெளிப்புறம். ரெண்டு சிவப்பு. ஓரத்தில இருக்கிறதை இறகு எண்டு போட்டிருக்கு, உண்மையில சின்ன வெடிப்பு. அது எனக்குப் பெரிய கவலை இல்லை. மோதிரம் கட்டக்குள்ள கல்லைப் பிடிக்கிற கால் அதுக்கு மேல வந்தா மறைஞ்சே போகும். ஆனா அந்த வெடிப்பு விளிம்பு வரைக்கும் வந்து மேற்பரப்பைத் தொடுதா எண்டு கேள். தொட்டா, அதிலயும் மூலைக்குக் கிட்டவெண்டா, கல்லைப் பதிக்கக்குள்ளயோ எங்கயும் அடிபடக்குள்ளயோ உடையலாம். அது அழகுப் பிரச்சினை இல்லை, ஆயுள் பிரச்சினை.

மற்றதுதான் என்ட நித்திரையைக் கெடுக்குது. மேல்முகத்துக்கு நேர கீழ ஒரு துணிக்கை. படத்தில அது கறுப்பா வெள்ளையா எண்டு போடமாட்டாங்க, கோடு மட்டும்தான் கீறுவாங்க. கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச துணிக்கையெண்டா யாருக்கும் தெரியாது. வீடியோவில கறுப்பாத்தான் தெரிஞ்சுது, ஆனா கமராவிட நிழலும் கல்லுக்குள்ள கறுப்பா விழும், அதை நம்ப ஏலாது. இன்னொண்டு, குறை அடிக்குக் கிட்ட ஆழத்தில கிடந்தா கீழ்ப்பட்டைகள் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டும். ஒரு புள்ளி நாலு புள்ளியாத் தெரியும். படத்தில ஒண்டுதான் இருக்கும்.

இப்ப கவனமா வாசி. கடைக்குப் போனவுடன லென்ஸைத் தருவாங்க. வாங்காத. லென்ஸால ஒருக்காப் பாத்திட்டா மறுகா உன்ட கண்ணுக்கு இடம் தெரிஞ்சிரும், வெறுங்கண்ணாலயும் அங்கதான் ஓடும். முதல் கல்லைத் துடைக்கச் சொல்லு. தூசும் விரல் எண்ணெயும் குறை மாதிரித் தெரியும். கடையில கல்லுக்கு மேல குண்டு குண்டா லைற் வைச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ ஓட்டுச் சில்லும் மின்னும். அதை விட்டிட்டு, நேர் வெயில் படாத யன்னலோரம் போ. இல்லாட்டி சும்மா ஒரு ரியூப் லைற்றுக்குக் கீழ. வெள்ளைக் கடதாசியில கல்லை மேல்முகம் பாக்க வைச்சு, ஒரு அடித் தூரத்தில பார். மறுகா மெல்லச் சரிச்சுப் பார்.

நீ கண்ணாடியைக் கழட்டிப்போட்டு மூக்கு முட்டப் பாக்கிற வித்தை உனக்குத்தான் வரும். சோதினை மண்டபத்தில அந்த வித்தையால எத்தனை பேர் பாஸ் பண்ணினாங்க எண்டு பேனாக்கள்ளனைக் கேட்டாத் தெரியும். கிட்டப்பார்வைக்காரன் வெறுங்கண்ணை 10 சென்ரிமீற்றரில வைச்சா மற்றாக்களுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். அப்படிப் பாத்திட்டு "குறை இருக்கு" எண்டு வந்து நிக்காத. மோதிரத்தை அப்படி எவரும் பாக்கிறதில்லை. கண்ணாடியோட பார்.

இன்னும் நல்ல வழி, தங்கச்சியை வைச்சுப் பாக்கிறது. ரெண்டு கல்லையும் பக்கத்தில வைச்சு, எது எஸ்ஐ எண்டு சொல்லாம, உள்ளுக்கு ஏதும் தெரியுதா எண்டு மட்டும் கேள். அவ கடுகுக்குள்ள கல் பொறுக்கின ஆள். அவவுக்குத் தெரியல்லையெண்டா எனக்குப் போதும். எல்லாம் முடிஞ்சாப் பிறகு லென்ஸை வாங்கு. கல்லிட விளிம்பில நம்பர் பொறிச்சிருந்தா சேர்டிபிகேட் நம்பரோட ஒத்துப்பார்.

விஎஸ்2 கல்லை விட்டிடாத. அதில குறிப்பொண்டு போட்டிருக்கு, படத்தில காட்டாத மேகங்கள் இருக்கெண்டு. மேகமெண்டா நுண்ணிய புள்ளிக் கூட்டம். விஎஸ்2இல அது அனேகமா ஒண்டும் செய்யாது. ஆனாலும் மற்றக் கல்லுக்குப் பக்கத்தில வைச்சு, பால் கலந்த மாதிரி மங்கல் இருக்கா எண்டு பார். ஒரு புள்ளியை மன்னிக்கலாம், முழுக் கல்லும் மங்கினா மன்னிக்க ஏலாது.

கடைக்காரன் "கண்ணுக்குச் சுத்தம்" எண்டு சொல்லுவான். மகனுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறான். சுத்தம் எண்டா எவ்வளவு தூரத்தில, மேல இருந்து மட்டுமா, பக்கத்தால பாத்தாலுமா எண்டு கேள். கடைக்குக் கடை அது மாறும், எந்தச் சட்டமும் இல்லை. திருப்பிக் குடுக்க எத்தனை நாள் எண்டதையும் எழுத்தில வாங்கு.

மனிசியிட தோசக் கதைக்கு நான் மறுத்து ஒண்டும் சொல்லேல்ல, சொன்னா இரவுச் சாப்பாடு இல்லை. ஆனா பண்டிதர் சிலப்பதிகாரம் படிப்பிச்சது ஞாபகம் வந்துது. ஊர்காண் காதையில மதுரைக் கடைவீதி வருமே, வைரத்துக்கு ஆகாததெண்டு காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காகபாதத்துக்கு நீ எழுதின விளக்கத்தை இப்ப எழுதமாட்டன், இந்தக் கடிதத்தைத் தங்கச்சியும் வாசிப்பா. புள்ளியும் கோடும் கறையும் அண்டைக்கும் இருந்திருக்கு. கையில லென்ஸ் இல்லாத காலம், கண்ணில பட்டதைத்தான் குற்றமெண்டிருப்பாங்க. இரத்தினபுரி நீலத்துக்கு இன்னும் வேடிக்கை. உள்ளுக்குப் பட்டு மாதிரி ஊசிகள் குலையாம இருந்தா, பெரிய சூட்டில போடாத கல்லெண்டு விலை ஏறும். வைரத்துக்கு ஒரு ஊசி இருந்தாலும் இறங்கும்.

கொக்கு, உனக்கு ஒரு விசயம் நான் சொன்னதே இல்லை. 1985இல நீ போறதுக்குக் காசு தேடக்குள்ள, உன்ட அம்மாட ஏழுகல் தோட்டைக் கொண்டுபோய் வித்தது உன்ட அண்ணனும் நானும். வாங்கின ஆள் பின்பக்கத் தகட்டைக் கழட்டி, லென்ஸை வைச்சு, நடுக்கல்லில கறுப்புப் புள்ளி இருக்கெண்டு விலையைக் குறைச்சுப்போட்டார். அந்தத் தோட்டை நாங்க பிறந்ததிலிருந்து பாக்கிறம். கோயில் திருவிழாவில, செத்தவீட்டில, பெட்றோல்மக்ஸ் வெளிச்சத்தில. ஒருத்தரும் ஒரு நாளும் புள்ளியைக் காணல்ல. அண்ணன் வீட்ட போய் அம்மாவிட்ட, தங்கம் விலை இறங்கிட்டெண்டு சொன்னார். அவவும் கேள்வி கேக்கல்ல. இப்ப அண்ணனும் இல்லை, அம்மாவும் இல்லை. நீயாவது தெரிஞ்சு வைச்சிரு.

மகன் விக்கிறதுக்கு வாங்கல்ல. ஆனா அவன்ட காலத்தில என்ன வருமெண்டு யாருக்குத் தெரியும்? அதால ரெண்டையும் யோசிக்கிறன். கண்ணுக்குத் தெரியாத குறை இல்லையெண்டதுக்காகக் காசு கூடக் குடுக்கிறது எனக்கு விசராத்தான் தெரியுது. அந்தத் துணிக்கை கறுப்பா இல்லை, தங்கச்சிக்கும் தெரியல்லை எண்டா எஸ்ஐ1ஐயே எடுக்கட்டும், மிச்சக் காசை இங்க தாலிக்கொடிக்குப் போடலாம், பவுன் விலை போற போக்கு உனக்கும் தெரியும். ஒரு சொட்டுச் சந்தேகம் வந்தாலும் சின்னக் கல்லு. மனிசிக்கு எது எடுத்தாலும் விஎஸ் எண்டுதான் சொல்லப்போறன். நீயும் அப்படியே சொல்லு.

வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் ரெண்டு கல்லையும் பிடிச்சு வைப்பாங்களாம். கடை விலாசமும் மகன்ட நம்பரும் வட்ஸப்பில வரும். பாத்த உடன அவனுக்கு எடுக்காத, அவன் நீ சொல்லி முடிக்க முந்திக் காசைக் கட்டிருவான். எனக்கு எடு. நடுச்சாமமெண்டாலும் எடுப்பன், மனிசியை எழுப்பாமக் கதைக்க வாசல் திண்ணை இருக்கு.

இப்படிக்கு,
வாத்தி

பி.கு: கைகூப்பின படம் அனுப்பினா இந்தக் கலியாணத்துக்கு உனக்குப் பந்தியில கடைசி இடம்.