நாலரை ஏக்கர் ஓக் காடு: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். வேல்ஸின் மேற்கே, கெரெடிகியன் மாவட்டத்தில், தைவி ஆற்றை நோக்கிச் சரியும் ஒரு மலைச்சரிவில் உள்ள நாலரை ஏக்கர் ஓக் காடு சென்ற அக்டோபரில் எங்களுக்குக் கிரயமானது. நிலப்பதிவேட்டில் என் பெயரும் என் மனைவியின் பெயரும் மட்டுமே இருக்கின்றன. அந்த இரண்டு பெயர்களும் அங்கே ஏறுவதற்குக் காரணமானவர்களுக்கு முறைப்படி நன்றி சொல்லவே இம்மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவர்க்குத் தெரிந்துவிடும்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். வீட்டுக்கடன் தரும் வங்கிகள் பெரும்பாலும் காட்டை ஈடாக ஏற்பதில்லை என்பது, விலை பேசி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. விலை 48,000 பவுண்டு, கையில் இருந்தது 31,000. மீதியைக் கார்டிஃபிலும் ஸ்வான்சியிலும் உள்ள மூன்று தமிழ்க் குடும்பங்கள் கைமாற்றாகக் கொடுத்தன. அவர்களுள் ஒருவரான அக்கா, “வீட்டுக்குக் கூரை மாத்த வேண்டிய நேரத்துல காடு எதுக்குடா?” என்று தொலைபேசியில் அரைமணி நேரம் கடிந்துகொண்டார், அன்று மாலையே பணம் வந்து சேர்ந்தது. எழுத்தும் கேட்கவில்லை, வட்டியும் கேட்கவில்லை.

அடுத்து எங்கள் வழக்கறிஞர். விற்பனை விளம்பரத்தில் “வண்டிப்பாதை உண்டு” என்று இருந்ததை நாங்கள் அப்படியே நம்பினோம். காட்டுக்கும் சாலைக்கும் நடுவே அடுத்தவருக்குச் சொந்தமான இரண்டு வயல்கள் கிடக்கின்றன. அவற்றின் ஓரமாகச் செல்லும் மண்பாதையில் நடந்து போகும் உரிமை மட்டுமே பழைய பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது என்பதை அவர்தாம் கண்டுபிடித்தார். நடந்து போகலாம், ஆனால் வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுவர முடியாது என்றால் அப்படிப்பட்ட காட்டை வாங்கி என்ன செய்வது? பதினொரு வாரம் கடிதம் எழுதிப் பேசி, வண்டி போகும் உரிமையை வயல்காரரிடமிருந்து எழுத்தில் வாங்கிய பிறகே எங்களைக் கையெழுத்துப் போடவிட்டார். நிலத்தடிக் கனிம உரிமையும் வேட்டை உரிமையும் பழைய பெருநிலக்கிழாரிடமே தங்கிவிட்டன என்ற வில்லங்கத்தையும் அவரே பிரித்துக் காட்டி, எது தொல்லை தரும், எது வெறும் காகிதம் என்று விளக்கினார். நிலப் பரிமாற்ற வரி 2018 ஏப்ரல் முதல் வேல்ஸுக்கென்று தனியாக உள்ளது. குடியிருப்பல்லாத சொத்துக்கு 225,000 பவுண்டு வரை வரி இல்லை என்று படித்ததும் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டோம்; விலை 40,000 பவுண்டை எட்டிவிட்டால் வரி இல்லாவிட்டாலும் முப்பது நாளுக்குள் விவர அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்று நினைவூட்டி, அதையும் அவரே செய்து முடித்தார்.

இந்தக் காடு உண்மையிலேயே பழங்காடுதானா என்ற கேள்விக்கு விடை தேடித் தந்தவர், அவ்வூரில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1600-ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் இடத்தைத்தான் பழங்காடு என்கிறார்கள். வேல்ஸ் இயற்கை வள அமைப்பின் பட்டியலில் எங்கள் காடும் இருக்கிறது. ஆயினும் அம்மூதாட்டிக்குப் பட்டியல் போதவில்லை. அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயத்துக்குரிய தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, பணவரியாக மாற்றியபோது வரையப்பட்ட ஊர்ப்படங்களைக் கணினியில் பார்க்கும்படி செய்திருக்கிறது. நம் ஊரின் புலப்படமும் அடங்கலும் சேர்ந்தது போன்றவை அவை. ஒவ்வொரு துண்டுக்கும் எண், உடையவர் பெயர், பயிர் விவரம், பல இடங்களில் நிலத்தின் பெயரும் உண்டு. எங்கள் துண்டின் பெயர் ‘அல்ட்’ என்று தொடங்குகிறது. தென்வேல்ஸ் வழக்கில் அதற்கு மரமடர்ந்த மலைச்சரிவு என்று பொருளாம். இந்தப் படத்தால் 1840-கள் வரைக்கும்தான் போக முடியும், அதற்கு முன்னால் போக வேண்டுமானால் தரையைப் படிக்க வேண்டும் என்று சொல்லி, முதன்முதலில் நாங்கள் காடு பார்க்கப் போன ஏப்ரல் நாளன்று கைத்தடியோடு அவரும் உடன் வந்தார்.

அந்தக் காலைப்பொழுதுக்காக அவருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். ஓக் மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. சரிவின் நடுவே அனிமோனிப் பூக்கள் வெள்ளையாகப் படர்ந்து கிடந்தன. மேகம் மூடினால் இதழ் குவியும், வெயில் விழுந்தால் விரியும். இந்நாட்டில் இந்தச் செடி விதையால் பரவுவது மிக அரிது என்றும், மண்ணுக்கடியில் தண்டு ஊர்ந்து ஊர்ந்து நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறடிதான் நகரும் என்றும் அவர் சொன்னார். அந்தப் படுகையின் ஓரமாக நடந்து பார்த்தேன். குறுக்கே இருபத்திரண்டு தப்படி இருந்தது. கணக்குப் போடாமல் நின்றேன்.

இனி, என் தவறு ஒன்றைத் தடுத்தவருக்கு. காட்டின் மேற்பகுதியில் ஓர் ஏக்கர் அளவுக்கு, 1960-களில் ஓக் மரங்களை வெட்டிவிட்டு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை நட்டிருக்கிறார்கள். இரண்டு உலகப்போர்களுக்குப் பிறகு மரத்தட்டுப்பாட்டை முன்னிட்டு நாடெங்கும் நடந்த வேலை அது. பகலிலும் இருட்டு, தரையெல்லாம் பழுப்பு ஊசியிலை. ஆளை விட்டு ஒரே வாரத்தில் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு ஓக் கன்று நடுவது என்று தீர்மானித்து, விலைகூடக் கேட்டுவிட்டேன். வனத்துறையில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்தார். ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு பழைய ஓக் கட்டையின் அடியில் மண்டியிட்டார். என்னையும் மண்டியிடச் சொன்னார். பாசிக்கு நடுவே மூன்றிலைச் செடி ஒன்று நாலைந்து தண்டோடு நின்றது. கிள்ளி வாயில் போட்டதும் புளித்தது. நம் ஊர்ப் புளியாரையின் இனம்தான் அது. அறுபது ஆண்டு இருட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரே மூச்சில் மரத்தை வெட்டி வெயிலைக் கொட்டினால் இந்தச் செடி தளிர்ப்பதற்கு முன்னால் முட்புதரும் பேய்ப்பெரணியும் ஏறி மூடிவிடும், இத்தனை காலம் ஒன்றுக்கொன்று மறைவாக வளர்ந்த மரங்களில் மிஞ்சுபவற்றைக் காற்று சாய்த்துவிடும் என்று அதன்பிறகே விளக்கினார். எஞ்சியிருக்கும் பழைய மரத்தையும் செடியையும் முதலில் தேடி நாடா கட்டுவது, அவற்றைச் சுற்றியுள்ள ஸ்ப்ரூஸை மட்டும் சில ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைப்பது என்பதே இப்போதைய திட்டம். மூன்று மாதத்துக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் வெட்டுவதானால் உரிமம் வேண்டும் என்பதையும் அவர்தாம் சொன்னார். அவர் வந்திராவிட்டால் காட்டைக் கெடுத்ததோடு சட்டத்தையும் மீறியிருப்பேன். அன்று நாங்கள் கட்டிய நாடாக்கள் பதினேழு.

வயல்காரருக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வண்டிப்பாதை உரிமையை எழுதிக் கொடுத்தவர் அவரே. அதற்கு அவர் கேட்டது வழக்கறிஞர் செலவை மட்டும். காட்டைச் சுற்றி வேலியைப் பராமரிப்பது பத்திரப்படி எங்கள் பொறுப்பு. அது பல இடங்களில் விழுந்து கிடந்ததால், அவருடைய ஆடுகள் குளிர்காலம் முழுவதும் காட்டுக்குள்தான் ஒண்டியிருக்கின்றன. ஓக் விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் ஆடு கடித்துவிடும். அதனால்தான் எங்கள் காட்டில் தாத்தாக்கள் இருக்கிறார்கள், பேரன்கள் இல்லை. ஆட்டுக்கு ஒதுங்க இடமில்லாமல் போவது அவருக்குத்தான் நட்டம். இருந்தும் நவம்பர் மாத மழையில் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு, சொந்தச் சம்மட்டியோடு வந்து மூன்று நாள் கம்பம் அடித்துக் கொடுத்தார். (‘அல்ட்’ என்று நான் எழுதிய சொல்லில் வரும் ‘ll’ என்ற இரட்டை எழுத்தை எப்படி ஒலிப்பது என்று அவர்தாம் கற்றுத்தர முயன்றார். நாக்கை லகரத்துக்கு வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஊத வேண்டுமாம். எனக்கு வரவில்லை. பதிலுக்கு நான் ழகரத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவருடைய இளைய மகனுக்கு உடனே வந்துவிட்டது.)

பொது நடைபாதையை ஒட்டி நின்ற நான்கு ஆஷ் மரங்களுக்கு, 2012-இல் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் முற்றியிருந்தது. கிளை விழுந்து எவருக்கேனும் அடிபட்டால் பொறுப்பு எங்களுடையது என்பதால், நான்கையும் வெட்டச் சொன்னோம். மரம் ஏறி வெட்டும் இளைஞர், முதலில் வௌவால் தங்கும் பொந்து இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டை வெட்டிவிட்டு, சாய்ந்தாலும் பாதையை எட்டாத மற்ற இரண்டையும் கிளை மட்டும் கழித்து நிற்கவிட்டார். பட்ட மரத்தில்தான் பூச்சி, பூச்சி இருந்தால்தான் பறவை என்றார். நான்கு மரத்துக்குப் பேசிய கூலியில் பாதியைத் திருப்பித் தந்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு கூடுபெட்டிகள் செய்து கொடுத்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரலில் வந்து ஓக் காடுகளில் கூடு கட்டும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவைக்காக, வாசல் 28 மில்லிமீட்டர் என்று அளந்து துளையிட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டியில் மட்டும் துளை பெரிதாகிவிட்டது, அதையும் மாட்டியிருக்கிறோம்.

கடைசியாக அக்காவுக்கு ஒரு வார்த்தை. வட்டிக்குப் பதில் அடுப்புக்கு விறகு கொடு என்று கேட்டீர்கள். வெட்டிய ஆஷ் மரம் பிளந்து, தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கியிருக்கிறது. காய்ந்ததும் முதல் வண்டி உங்கள் வீட்டுக்கு. மே மாத முதல் வாரத்தில் ப்ளூபெல் பூத்திருக்கும். வேல்ஸ் மொழியில் அதன் பெயர் ‘குயிலின் மணிகள்’. அந்தச் சனிக்கிழமை அனைவரும் குடும்பத்தோடு வர வேண்டும். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் உங்கள் பொறுப்பு. வரும் வழியில் இரண்டு கேட் இருக்கின்றன, இரண்டையும் மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள். குட்டி ஈன்ற ஆடுகள் நிற்கும்.

நன்றியுடன்,
நாலரை ஏக்கரின் இரண்டு காவலர்கள்