எங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய அக்கா,

2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே, யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு நீங்கள் வந்த அந்தக் காலைக்காக இந்த மடலை எழுதுகிறேன். அந்த மாதங்களில் இலங்கையெங்கும் பிள்ளைப்பேற்று வீடுகளுக்குப் போய்வந்த, உங்களைப் போன்ற எல்லா மருத்துவமாதர்களுக்கும் இது உரியது.

மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது எனக்கு ஒன்பதாம் மாதம். பேறு பார்க்க வரவிருந்த அம்மா கிளிநொச்சியிலும் கணவர் கொழும்பிலும் அகப்பட்டுக்கொண்டார்கள். மகளைப் பெற்று மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது எனக்குத் துணையாக இருந்தவர் எழுபது வயதைக் கடந்த மாமி மட்டுமே. அவர் சரக்கு அரைத்துப் பத்தியக்கறி வைத்தார், இலைகள் அவித்து வெந்நீர் வார்த்தார், இரவெல்லாம் விழித்திருந்தார். ஆனால் பிள்ளை ஏன் ஓயாமல் அழுகிறாள் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் நீங்கள் வந்தீர்கள். வீட்டுக்குள் கால் வைக்குமுன் கிணற்றடிக்குப் போய் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினீர்கள். விறாந்தை வளையில் தராசைக் கொழுவி, துணித் தொட்டிலில் மகளைக் கிடத்தி நிறுத்தபோது முள் 2.6 கிலோவில் நின்றது; பிறந்தபோது அவள் 2.9 கிலோ. எனக்கோ மார்பு கல்லாய்க் கட்டி, காய்ச்சலும் தொடங்கியிருந்தது. என் முகம் மாறியதைக் கண்டு, "முதல் நாட்களில் கொஞ்சம் குறையத்தான் செய்யும் பிள்ளை, ஆனால் இதற்கு மேல் குறைய விடக்கூடாது" என்றீர்கள்.

எட்ட நின்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த நாட்களில் யாரும் அதைக் குறையாக எடுத்திருக்க மாட்டார்கள். நீங்களோ என் பக்கத்தில் அமர்ந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் பிள்ளையின் வாய்க்குள் போகும்படி, அவளுடைய நாடி மார்பில் முட்டும்படி, என் கையைப் பிடித்தே காட்டித் தந்தீர்கள். முகக்கவசத்துக்கு மேலே உங்கள் கண்ணாடி பனித்துப்போயிருந்தது. "விழுங்கிற சத்தம் கேக்குதோ?" என்று கேட்டீர்கள். கேட்டது. நான்கு நாட்களில் முதன்முறையாகக் கேட்டது.

அதன்பின் பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கருப்பை சுருங்குகிறதா, இரத்தப்போக்கு எப்படி, தையல் காய்கிறதா, காலில் வீக்கமோ நோவோ உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, காய்ச்சல் அன்று மாலைக்குள் விடாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி, உங்கள் கைத்தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டின் அட்டையில் எழுதினீர்கள். இரவு பத்து மணிக்கு நான் எடுத்தபோது முதல் மணியிலேயே பேசினீர்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். தாயைப் பார்க்க வருகிறவர் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஒருவரும் வர முடியாத அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. நாலாம் கிழமையில் மனநிலை பற்றிய பத்துக் கேள்விகளை நீங்கள் கேட்டபோது நான் அழுதேன். நீங்கள் அவசரப்படுத்தவில்லை, நான் முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

ஒவ்வொரு பகுதி மக்களுக்கும் அவர்களுடைய ஊரிலேயே சுகாதார சேவை கிடைக்கச் செய்வதற்காக 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாகவே உங்கள் பணி எங்கள் ஊர்வரை வந்தது. இந்த நாட்டில் பிரசவத்தில் தாய் இறப்பது அரிதாகிவிட்டதற்கு ஆஸ்பத்திரிக் கட்டிடங்களும் கருவிகளும் மட்டும் காரணமல்ல, வெயிலிலும் மழையிலும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்வந்த உங்கள் கால்களும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களுக்கும் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர்கூட நீங்கள் குடிக்கவில்லை.

படலையில் மரக்கறி வைத்துவிட்டுப் போன அயலவருக்கும், மருந்து கொண்டுவந்து தந்த கிராம அலுவலருக்கும் என் நன்றி உரியது.

மகளை முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்காக அண்மையில் அவளுடைய பதிவேட்டை எடுத்தேன். பத்தாம் நாளுக்குரிய இடத்தில் 2.9 என்று எழுதி, அதன் கீழே நீங்கள் இரண்டு கோடு இழுத்திருக்கிறீர்கள். அன்று நீங்கள் சிரித்ததை முகக்கவசத்துக்கு மேலே கண்களில் பார்த்தேன், அக்கா.

அன்புடனும் நன்றியுடனும்,
வடமராட்சியிலிருந்து ஒரு தாய்