கடலைக் காட்டில் கடுகு

ஆசிரியருக்கு வணக்கம்.

தலைப்பைப் பார்த்து ஊடுபயிர் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் செவல் காட்டில் போன ஆடிப் பட்டத்துக்குக் கடலை போட்டிருந்தேன். 50 நாள் இருக்கும், பூத்து விழுது இறங்குகிற நேரம், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடியில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகித் தொங்கியது. பிடுங்கிப் பார்த்தால் தூரைச் சுற்றி வெள்ளை நூல் நூலாகப் பூசணம், அதற்குள் சின்னச் சின்ன உருண்டைகள், சில வெள்ளை, சில பழுப்பு. என் வீட்டுக்காரி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தாளிக்கிற கடுகு கணக்கால்ல இருக்கு" என்றாள். அவள் சொன்னது அப்படியே சரி. படித்தவர்களும் அதைக் கடுகு போன்ற உருண்டை என்றுதான் எழுதுகிறார்கள்.

ஒரு செடியைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பையைப் பிரிக்கக்கூட இல்லை. "வேரழுகல்தாண்ணே, கார்பென்டசிம் ஊத்துங்க, கேட்ரும்" என்றார். அந்தப் பூசண மருந்தை இரண்டு தடவை ஊற்றினேன். கேட்கவில்லை. மழை விட்டு வெயில் அடித்து மறுபடி தூறியபோது பக்கத்துச் செடிகளும் சாய்ந்தன, பிடுங்கினால் செடி மட்டும் கையோடு வந்தது, காய் மண்ணிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் விசாரித்ததில்தான் விஷயம் புரிந்தது. நாம் வேரழுகல் என்று ஒரே பேரில் சொல்வது இரண்டு வேறு நோய்கள். ஒன்று மேக்ரோபோமினா என்ற பூசணத்தால் வருவது. காடு காய்ந்து சூடு ஏறும்போது தாக்கும், வேர் கறுத்துப் பட்டை நார் நாராக உரியும், உள்ளே மிளகுப் பொடி தூவின மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கும். எள்ளிலும் உளுந்திலும் நம் பக்கம் அதிகம் பார்ப்பது இதைத்தான், இதற்குக் கார்பென்டசிம் ஓரளவு கேட்கும். இன்னொன்று எனக்கு வந்தது, ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி, தண்டழுகல். ஈரமும் சூடும் சேர்ந்தால் தூரில் பிடிக்கும், வெள்ளை நூலும் கடுகும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்குக் கார்பென்டசிம் அவ்வளவாகக் கேட்காது. அதை விடக் கொடுமை, அந்த மருந்து இந்தப் பூசணத்தை விட்டுவிட்டு இதை அடக்கி வைக்கிற டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூசணத்தைத்தான் கொல்லும். அதாவது காசு கொடுத்து என் காவல்காரனை நானே அடித்துப் போட்டிருக்கிறேன்.

ராஜஸ்தான், ஹரியானா பக்கம் நிஜக் கடுகுப் பயிருக்கும் இதே மாதிரி தண்டழுகல் உண்டாம். அங்கே பூசணம் வேறு, ஸ்கிளிரோட்டினியா, குளிரில் வருவது, தண்டைப் பிளந்தால் எலிப் புழுக்கை போல் கறுப்புக் கட்டிகள் இருக்கும். ஆனால் பிழைப்பு ஒன்றுதான்: கட்டியாக மண்ணில் படுத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பது. அதனால்தான் செடி வாடிய பிறகு மேலே அடிக்கிற மருந்தால் முழுசாக ஒன்றும் நடப்பதில்லை. விதைக்கும் முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை இது.

கோடையில் சட்டிக் கலப்பை போட்டு மண்ணைப் புரட்டிவிட்டால் அந்த உருண்டைகள் ஆழத்துக்குப் போய்க் காற்றில்லாமல் முளைக்காமல் கிடக்கும். ஒன்பது கொத்துக் கலப்பையால் மேலாகக் கீறினால் மண் புரளாது, டீசல்தான் செலவு. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்யச் சொல்கிறார்கள், ஏக்கருக்கு 50 கிலோ விதைப் பருப்பு என்றால் 200 கிராம் போதும். மண்ணில் போட ஏக்கருக்கு ஒரு கிலோ, நன்றாக மக்கிய தொழுவுரத்தோடு கலந்து. மக்காத குப்பையைக் கொட்டினால் பூசணத்துக்கு விருந்து வைத்த மாதிரி. 45-வது நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம் இல்லையா, அதிலும் கவனம் வேண்டும், கீழ் இலைகளைப் புதைத்து மண்ணை ஏற்றினால் அங்கேதான் முதலில் பிடிக்கும். நான் செய்த தப்பு அதுவும்தான், ஆளுக்குக் கூலி கொடுத்தோமே என்று கொத்திக் குவிக்கச் சொன்னேன். நோய் கண்ட செடியைப் பிடுங்கி வரப்பில் வீசாமல் எரித்துவிட வேண்டும். அடுத்த போகம் கடலையே போடாமல் சோளமோ மக்காச்சோளமோ போட வேண்டும். தக்காளி, மிளகாய் என்று மாறினால் பயனில்லை, அதையும் இது விடாது. மல்லிகைக் காட்டையே வாட வைக்கிற பூசணம் இது.

இதெல்லாம் தெரிந்த பிறகு இந்த வருடம் டிரைக்கோடெர்மா தேடிப் போனேன். வைகாசி கடைசியிலிருந்து நாலு தடவை அலைந்தேன். மானிய விலையில் தருகிற இடத்தில் "இன்னும் வரலை" என்றார்கள், வந்தபோது நான் விதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தனியார் கடையில் கிடைத்த பொட்டலத்தில் தேதி முடிந்திருந்தது. உயிருள்ள சரக்கு அது, தேதி போனால் வெறும் பவுடர். ரசாயன மருந்து மட்டும் எந்த மாதம் போனாலும் அலமாரி நிறைய இருக்கிறது, அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஒத்தக்கடையில் 1965-லிருந்து வேளாண் கல்லூரி இருக்கிறது, செடியைக் கொண்டுபோய்க் காட்டலாம், நல்ல இடம்தான். ஆனால் எங்கள் ஊரிலிருந்து மதுரையைத் தாண்டிப் போய்வர ஒரு நாள் ஆகும். அதனால் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: டிரைக்கோடெர்மாவை வைகாசி முடிவதற்குள் எங்கள் பக்கம் இறக்கிவிடுங்கள். ஆசிரியரே, உங்களுக்கும் ஒன்று. விவசாயப் பக்கத்தில் "வேரழுகலுக்கு மருந்து" என்று பொதுவாகப் போடாமல், கறுத்த வேர் ஒன்றும் கடுகு பிடித்த தூர் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள், ஆனி மாதத்திலேயே. அதை வெட்டி எங்கள் டீக்கடைச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு கடலை விவசாயி,
உசிலம்பட்டி வட்டம்.