என்னை ஆய்விலிருந்து விலக்கியவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கும் உடன் பங்கேற்றவர்களுக்கும் வணக்கம்.

அரிய தோல் நோய்க்கான மருந்து ஆய்வில் 14 மாதங்கள் பங்கேற்று, அது முடியும் முன்பே விலக்கப்பட்டவன் எழுதும் மடல் இது. விலக்கியதற்குத்தான் முதல் நன்றி என்பதால் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கிருப்பது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்னும் பிறவி நோயின் கடுமையான வகை. மேல்தோலை அடித்தோலோடு பிணைத்து வைக்கும் ஏழாம் வகைக் கொலாஜன் என் உடலில் சரியாக உருவாவதில்லை. சட்டைத் தையல் உரசினாலே கொப்புளம் எழும்பிப் புண்ணாகிவிடும். எங்களை வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள் என்று அன்போடு அழைப்பார்கள். 35 வயதில் அந்தப் பெயரைச் சுமப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆறுவதுபோல் ஆறி மறுபடியும் பிய்ந்து, ஆண்டுக்கணக்கில் கிடக்கும் இந்தப் புண்களில்தான் செதிள் உயிரணுப் புற்றுநோய் என்னும் தோல் புற்று முளைக்கிறது. கடுமையான வகையினர் வளர்ந்த பின் உயிரிழப்பதற்கு முதன்மைக் காரணம் அதுவே. வெயிலால் வரும் செதிள் புற்றைவிட இது மிக வேகமாகப் பரவக்கூடியது.

என் இரு கால்களிலும் ஒரே அளவுள்ள இரண்டு புண்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் மருந்து ஜெல்லும் மற்றதில் மருந்தில்லாத ஜெல்லும் பூசினார்கள். எது எது என்று எனக்கும் தெரியாது, பூசிய செவிலியருக்கும் தெரியாது. இப்படி ஓர் உடலையே தனக்குத் தானே ஒப்பீடாக வைக்கும் முறையில்தான், மரபணுவைப் புண்ணுக்குள் கொண்டு சேர்க்கும் ஜெல் ஒன்று 31 பேரிடம் சோதிக்கப்பட்டு, ஆறாம் மாதத்தில் மருந்து பூசிய புண்களில் 67 விழுக்காடும் மற்றவற்றில் 22 விழுக்காடும் முழுமையாக ஆறியிருந்ததாக 2022-இல் முடிவு வெளியானது. 2023 மே மாதம் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. 31 பேர் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். இந்த நோயில் அத்தனை பேரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அவர்களுக்கும், என்னோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நான் கடன்பட்டவன்.

செவிலியரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் இடத்தில், இதயத் துடிப்பைப் பதிவு செய்ய மார்பில் ஒட்டிய வட்டங்களை ஒருவர் அவசரமாக உரித்தபோது தோலும் கூடவே வந்துவிட்டது. இங்கே நம் செவிலியர் ஒவ்வொரு வட்டத்தின் பசை விளிம்பையும் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, நடுவிலிருந்த ஜெல்லை மட்டும் மார்பில் வைத்து, மெல்லிய துணியால் சுற்றினார். புண்ணில் ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியை இளஞ்சூட்டு உப்புநீரில் நனைத்து, அது தானாக விடும்வரை ஒருநாளும் அவர் இழுத்ததில்லை.

அவர் கண்ணில்தான் அது பட்டது. முழங்கைக்குக் கீழிருந்த, ஆய்வில் சேராத ஒரு புண்ணின் மூன்று மாதப் படங்களை அருகருகே வைத்தபோது, அதன் ஓரம் மட்டும் தடித்து மேடிட்டிருந்தது. எனக்கு அது பழகிய புண். வலி கூடியதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. ஓரிடத்தில் மட்டும் எடுத்தால் தவறிப்போகலாம் என்று மருத்துவர் நான்கு இடங்களில் திசு எடுத்தார். ஆற முயலும் புண்ணின் ஓரமும் தொடக்கநிலைப் புற்றும் நுண்நோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும் என்பதால், நோயியல் வல்லுநர் இன்னொருவரிடமும் காட்டிய பிறகே கையெழுத்திட்டார். நான் நேரில் பார்த்திராத அறுவை மருத்துவக் குழு, சுற்றிலும் போதிய அளவு நல்ல தோலையும் சேர்த்து அதை அகற்றியது. நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை.

புற்று உறுதியான அன்றே விதிப்படி என் பங்கேற்பு முடிந்தது. ‘விலகினாலும் உங்கள் சிகிச்சை எவ்வகையிலும் பாதிக்கப்படாது’ என்ற ஒப்புதல் படிவ வரியை, கையெழுத்திட்ட நாளில் ஒரு சடங்காகவே கருதியிருந்தேன். அவ்வரியை வலியுறுத்திய நெறிமுறைக் குழுவுக்கும், அதைச் சொல் மாறாமல் காப்பாற்றிய உங்களுக்கும் என் நன்றி. அகற்றிய திசுவில் எஞ்சியதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள மனமார இசைகிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். ஆய்வு முடிந்து மறைகுறியீடு திறக்கப்படும் நாளில், எது மருந்துக் கால் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வலக்கால் என்று செவிலியரிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பதிவேட்டில் எண்ணாக மட்டும் இருக்கும் ஒருவன்