வரலாற்றைச் சுவரில் தீட்டப்போகும் சிறுநகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்களே,

வணக்கம். ஊரின் பழங்கதையை வெளிச்சுவர்களில் ஓவியமாக்க நீங்கள் முன்வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கேட்க நினைப்பது ஒன்றுதான். வரைவதற்குப் பணம் ஒதுக்கும் அன்றே, பின்னாளில் அதைப் பழுதுபார்க்கும் பணத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டுக்கும் போதாது என்றால் பத்துச் சுவர்களுக்குப் பதில் மூன்றே வரையுங்கள்.

இப்படிப்பட்ட முயற்சிகளுக்குக் கனடாவின் செமைனஸ் நல்ல முன்மாதிரி. மரம் அறுக்கும் ஆலையை நம்பியிருந்த சிற்றூர் அது. 1982-இல் அங்கே முதல் ஐந்து ஓவியங்கள் எழுந்தன. அடுத்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. ஆனாலும் ஊர் ஓய்ந்துவிடவில்லை, ஓவியங்களைப் பார்க்க வெளியூர் மக்கள் வரத் தொடங்கினார்கள். இன்று அங்கே 40-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஷெஃபீல்ட் என்ற சிற்றூரும் 1986-இல் இதே வழியில் இறங்கியது.

சரி, வரைந்த பிறகு? லாஸ் ஏஞ்சலஸில் ஜூடி பாக்கா என்ற ஓவியர், 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வெள்ளநீர்க் கால்வாயின் சுவரில் சுமார் 840 மீட்டர் நீளத்துக்கு கலிபோர்னியாவின் வரலாற்றைத் தீட்டினார். 1970-களில் தொடங்கிய வேலை. அத்தனை பேர் உழைப்பும் வெயிலில் மங்கிப்போய், 2011-இல்தான் சீரமைப்பு முடிந்தது. அவ்வளவு புகழ்பெற்ற ஓவியத்துக்கே அந்த நிலை.

வெயிலின் புற ஊதாக் கதிர் நிறமிகளைச் சிதைக்கிறது. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் முதலில் போய்விடும். இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் காவி, செம்மண் நிறங்கள் நெடுநாள் தாங்கும். மனித முகங்களை அந்த நிறங்களை வைத்தே தீட்ட முடியும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் வெயிலைவிடக் கொடியது சுவருக்குள் இருக்கும் ஈரம். கூரைத் தண்ணீர் ஒழுகும் சுவரிலும், அடியிலிருந்து ஓதம் ஏறும் சுவரிலும் உப்புப் பூத்து, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். அதன்மேல் எவ்வளவு வார்னிஷ் பூசினாலும் பயனில்லை, ஈரம் உள்ளேயே அடைபட்டு நிலைமை மோசமாகும். புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் காரத்தன்மை தணிய ஏறக்குறைய நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். திறப்பு விழாத் தேதிக்காக அந்த நான்கு வாரத்தை விழுங்கிவிடாதீர்கள்.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தச் சுவர்களில் வரப்போவது யாரோ அல்ல, அந்தத் தெருவில் நடப்பவர்களின் பாட்டியும் தாத்தாவும்தான். தாத்தாவின் கன்னம் உரிந்து தொங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகும் பேரனுக்கு, அந்தச் சுவர் வெறுமையாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிடும்.

அதனால் ஓவியரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே சிலவற்றை எழுதி வாங்குங்கள்: எந்தெந்த பெயிண்ட், எந்த எண் நிறம், உரிந்தால் யார் வந்து பார்ப்பது. முடிந்த அன்றே ஒவ்வொரு பகுதியையும் தெளிவாகப் படமெடுத்து மன்றத்தில் வையுங்கள். சுவரின் சொந்தக்காரர் மாறினால் ஓவியம் என்னவாகும் என்பதையும் அவரோடு பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், எந்தச் சுவர் என்று முடிவு செய்யும் முன், நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் எல்லோரும் குடையோடு போய், தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

அன்புடன்,
சுவரோவியங்களை நேசிக்கும் ஒருவர்