பேத்தி பிறந்த சேதிக்குப் பதில்

அன்புள்ள மாப்ளே,

பேத்தி பிறந்ததில் ரொம்ப சந்தோஷம். அதைப் போய் கடிதத்தின் கடைசியில், இடது மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை என்பதோடு சேர்த்து முணுமுணுத்திருக்கிறாய். முழங்கைக்குக் கீழே வலது கை இல்லாத என்னோடு பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சுற்றியவன் நீ. உனக்கே எழுதக் கை வரவில்லையா?

கிரகணத்தன்று உன் மகள் வெளியே வந்ததுதான் காரணம் என்று சம்பந்தியம்மா சொல்வதில் ஆச்சரியமில்லை. அரிவாள்மனையைத் தொட்டாயா என்று கேட்டுக் கேட்டே என் அம்மாவையும் வாட்டினார்கள். ஆனால் கணக்கைப் பார். சந்திர கிரகணம் 2025 செப்டம்பர் 7 இரவு. உன் மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். கருவில் கை உருவாவதோ நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். மொட்டை மாடியில் நின்று நிலா பார்த்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பல சமயம் காரணம் இன்னதென்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை. அவள் மேல் பழி விழாமல் பார்த்துக்கொள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு கையோடு வாழப் பழகிவிடலாம். வேட்டியின் ஒரு முனையைக் குட்டைக் கையால் இடுப்போடு அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சுற்றிக் கொண்டுவந்து செருகி, மேலே பெல்ட்டைப் போட்டால் தீர்ந்தது. என்னைப் பாடாய்ப் படுத்தியது பீச்சாங்கைதான். இடது கையால் காசை நீட்டினால் கண்டக்டர் முறைப்பார். விபூதிக்கு நீட்டினால் குருக்கள் தயங்குவார். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சற்றே தள்ளி உட்காருவார். அப்புறம் சட்டைக்குள் குட்டைக் கை தெரிந்ததும் எல்லாரும் 'உச்' கொட்டுவார்கள். அதற்கு முறைப்பே தேவலை. உன் பேத்திக்கு வலது கை இருப்பதால் பாதித் தொல்லை இல்லை.

முழுக்கைச் சட்டை போட்டு மறைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல். தெருப் பிள்ளைகள் "கை எங்கே?" என்றால், "பிறக்கும்போதே இப்படித்தான்" என்று சொன்னால் போதும், விளையாடப் போய்விடுவார்கள். "சும்மா இரு, அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று பெரியவர்கள் இழுத்துக்கொண்டு போகும்போதுதான் பிள்ளைகளுக்குப் பயம் வருகிறது.

ஷீத்தல் தேவி வீடியோ பார்த்தேன். இரண்டு கையும் இல்லாமல் காலால் வில்லைத் தூக்கி, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணி வெண்கலம்! எனக்கும் புல்லரித்தது. ஆனாலும் அதை மகளுக்குத் தினமும் அனுப்பாதே. பாப்பா சுமாராகப் படித்து, பதக்கம் எதுவும் வாங்காமல் ஊர் சுற்றினாலும் நமக்குச் சரிதான்.

அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கி யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிந்துவிடு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. ஐந்து வயதில் ஆதாருக்குக் கைரேகை கேட்பார்கள். விரல் இல்லையென்று திருப்பி அனுப்பினால் நகராதே. இருக்கிற விரல்களையும் கருவிழியையும் பதிந்து, இல்லாததை விதிவிலக்காகக் குறிக்க வழி இருக்கிறது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மூட்டுவலி மட்டும் இரண்டு காலுக்கும் பாரபட்சமில்லாமல் வந்திருக்கிறது.

பெயர் வைக்கும்போது வருகிறேன். வெள்ளிக் காப்பு இரண்டு கைக்கும் என் செலவு. சின்னக் கைக்குக் கழன்று விழாதபடி ஆசாரி திருகு வைத்துத் தருகிறேன் என்கிறார். நூலால் அளவு எடுத்து, எந்தக் கை என்று எழுதி உடனே அனுப்பு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்