மழைக்கு முன்னே மாத்திரை வந்து சேரட்டும்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதாரத் துறை மற்றும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு ஆய்வுக் கூட்டம் நடத்துகிறீர்கள். எங்கெங்கே மண் சரியும், எங்கே வெள்ளம் புகும் என்று மாவட்டத்தில் 283 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். மணல் மூட்டை, பொக்லைன், மரம் அறுக்கும் இயந்திரம், நிவாரண முகாம், 1077 கட்டுப்பாட்டு அறை எல்லாம் மழைக்கு முன்பே தயாராகிவிடுகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய காலத்தில் இந்த மலையில் இருந்தவர்கள் நாங்கள். அந்த முன்னேற்பாட்டின் அருமை எங்களுக்கு நன்றாகவே தெரியும். அதே கூட்டத்தில் இன்னொரு கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். மாதா மாதம் மனநல மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள், பாதை அடைபட்டால் அவர்களுக்கு மாத்திரை எப்படிப் போய்ச் சேரும் என்ற கணக்கு அது.

நான் பந்தலூர் வட்டத்துக்காரி. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். என் தம்பிக்கு இருதுருவ மனநோய், அதாவது மனம் அளவு மீறி எழுவதும் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும் நோய். லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். ஒழுங்காகச் சாப்பிடும் மாதங்களில் வேலைக்குப் போவான், சம்பளம் வாங்குவான், அக்கா பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கி வருவான். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். இரத்தத்தில் அதன் அளவையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். இதெல்லாம் மருத்துவர்கள் எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது.

ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தேவாலா, சேரம்பாடி, பந்தலூர் எல்லாம் விடாத மழை. இங்கிருந்து உதகை சுமார் 70 கிலோமீட்டர். நடுவட்டம் பாதையில் மரம் விழுந்தால் பஸ் நிற்கும். மனநல மருத்துவர் வரும் நாள் என்று ஒரு நாள் இருக்கும். சரியாக அந்த நாளில் மழை அடித்து ஊற்றும். அடுத்த முறை வருவதற்குள் மாத்திரை தீர்ந்துவிடும். ஒரு மழைக்காலத்தில் நாங்கள் போன அரசு மருத்துவமனையில் மருந்து இருப்பு இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நனைந்துகொண்டே மூன்று மருந்துக் கடை ஏறி இறங்கினோம், எங்கும் இல்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் தம்பி தூக்கத்தை இழந்தான், பிறகு வேலையையும் இழந்தான்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் அலுவலகத்திலும் இருக்கும். அதன் 18-வது பிரிவை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டிய நிலை இருக்கக் கூடாது, சேவை அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரத்திலும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ‘எல்லா நேரத்திலும்’ என்றால் அதில் ஜூலை மாதமும் சேர்த்திதானே?

மே மாதத்திலேயே, மழைக்காலம் முழுவதற்கும் தேவையான மருந்து இருப்பைக் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொண்டுவந்து வைத்துவிடலாம். ஒவ்வொருவர் கையிலும் மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்துவிட முடியாது என்பது எனக்குப் புரிகிறது. மனம் மிகவும் சோர்ந்திருப்பவர் கையில் அவ்வளவு மாத்திரை இருப்பதே ஆபத்து. யாருக்கு எத்தனை நாளுக்குக் கொடுக்கலாம், வீட்டில் யார் பொறுப்பில் வைக்கலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மற்றவர்களுக்கு வாரா வாரம் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. என் அம்மாவுக்கு அப்படித்தான் வருகிறது. அதே பையில் தம்பியின் மாத்திரையும் ஏன் வரக் கூடாது?

ஒன்று மட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று நான் எடுக்கச் சொல்லும் அந்தக் கணக்கு மருத்துவர், செவிலியர் கையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டி வாழும் லைன் வீடுகளில் சுவருக்கு மறுபக்கம் இருமினாலே கேட்கும். ரகசியம் காப்பதையும் அதே சட்டம் உரிமையாகத்தான் சொல்கிறது.

மழை முடிந்து அக்டோபர் வரும். 10-ஆம் தேதி உலக மனநல நாள். பேரணி, உறுதிமொழி, பள்ளிப் பிள்ளைகள் கையில் பதாகை. அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பதாகையைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனார். ஆனால் இந்த மலையில் மனதுக்குப் பாரம் கூடும் காலம் எது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. டிசம்பரிலிருந்து பனியில் கொழுந்து குறைகிறது, அதோடு தினக்கூலிக்காரர்களின் வேலை நாளும் குறைகிறது. மேலே உதகைப் பக்கம் உறைபனியில் செடி கருகினால் சிறு விவசாயிக்குக் கடன் கழுத்தை நெரிக்கும். வெளிநாடுகளில் குளிர்காலத்தில் பகல் சுருங்குவதால் வரும் மனச்சோர்வைப் பற்றிச் சொல்வார்கள். நம் ஊரில் பகல் நேரம் அவ்வளவு மாறுவதில்லை. இங்கே நான் பார்க்கும் பனிக்காலச் சோர்வுக்குப் பின்னால் பெரும்பாலும் பணக் கவலைதான் இருக்கிறது. அப்புறம் மார்ச்சில் பிள்ளைகளுக்குத் தேர்வு, மே மாதம் முடிவு. அதே மே மாதம் சுற்றுலா சீசன். வண்டி ஓட்டுபவர்களும் லாட்ஜ் பையன்களும் வாரக்கணக்கில் சரியாகத் தூங்காமல் வேலை செய்கிறார்கள். அக்டோபரில் மட்டும் எட்டிப் பார்த்தால் இவர்களில் பெரும்பாலோர் கண்ணில் பட மாட்டார்கள்.

எங்கள் கூடலூர், பந்தலூர் பக்கத்து விஷயம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது யானை. இரவு வாசலில் யானை நின்றால் அந்த வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள். அப்படிப் பல இரவுகள் போகும். யாராவது அடிபட்டு இறந்துவிட்டால் அதிகாரிகள் வருகிறார்கள், இழப்பீடு கொடுக்கிறார்கள். அது தேவைதான். ஆனால் அப்பா செத்துக் கிடந்ததைப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் அதே வழியாகத்தான் பள்ளிக்கு நடந்து போகிறது. அந்தப் பிள்ளையோடு பேச யாரும் வருவதில்லை. இழப்பீடு கொடுக்க வரும் அதிகாரியோடு ஒரு மனநல ஆலோசகரும் வரட்டும். ஒரு முறை வந்து போவதோடு நிற்காமல், மாதம் ஒரு முறையாவது ஓர் ஆண்டுக்கு வரட்டும்.

தொலைபேசி உதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. 2022-இல் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நல்ல சேவை. ஆனால் எங்கள் லைன் வீடுகளில் விசாரித்துப் பார்த்தேன். அங்கன்வாடி ஆசிரியரைத் தவிர யாருக்கும் அந்த எண் தெரியவில்லை. ரேஷன் கடைச் சுவரிலும், இலை நிறுக்கும் இடத்திலும், பஸ்ஸுக்குள்ளும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சிக்னல் கிடைக்காத ஊர்களும் இங்கே உண்டு, அங்கே ஆள்தான் போக வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி ஊர்களுக்கு அவர்களுடைய பேச்சு தெரிந்த, அவர்களுக்குள்ளேயே ஒருவரைப் பயிற்சி கொடுத்து அமர்த்துங்கள். துக்கத்தை வேற்று மொழியில் சொல்லச் சொன்னால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. கடுமையான மனநோய் உள்ளவர்களிலேயே 100-க்கு 70-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை இல்லாமல் இருக்கிறார்கள் என்று அது சொன்னது. ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று இதற்குக் காரணம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் நான் பார்த்த வரை, விழிப்புணர்வு வந்த பிறகும் தடுப்பது ஒரு நாள் கூலிதான். வார நாளில் மருத்துவரைப் பார்க்கப் போனால் நோயாளிக்கும் கூலி போகும், கூட வருகிறவருக்கும் போகும், பஸ் செலவு வேறு. ஆகவே மனநல முகாமை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அதே முகாமில் லித்தியத்துக்கான இரத்த மாதிரியையும் எடுத்து அனுப்பிவிட்டால் இரண்டு பயணம் மிச்சம். குடிப்பழக்கத்துக்கும் அங்கேயே சிகிச்சை ஆலோசனை இருக்கட்டும். அதைக் கேட்டு வரும் மனைவிமார்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள்.

இன்னொரு வேண்டுகோள், பார்த்துக்கொள்கிறவர்களுக்காக. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் என் அம்மாவுக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது. ‘நீங்கள் தூங்குகிறீர்களா அம்மா?’ என்று இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு செவிலியர்தான் அவரிடம் கேட்டார். அம்மா அந்தச் செவிலியரைப் பற்றி இன்னும் பேசுகிறார். வீட்டுக்கு வரும் ஊழியர்கள் எல்லோரும் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

முகாமுக்கு இடம் இல்லை என்று யாராவது சொன்னால், எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து கொடுக்க ஊர்க்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். உள்ளே மறைவாகப் பேச ஒரு தனி அறை உண்டு. பெண்கள் சுயஉதவிக் குழுவினர் கஞ்சியும் தேநீரும் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மே மாதத்துக்குள் ஒரு தேதி சொல்லுங்கள், வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்திலிருந்து ஒரு நோயாளியின் அக்கா